பாஷாணம் எதைப் பிடிக்கிறது?

தொடையில் நீலத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த வாரம் எங்கள் டேனரியில் நேவி ப்ளூ ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பூரில் தோல் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்தந்த வாரத்து நிறம் துண்டிலும் தலையணை உறையிலும் தெரிந்துவிடும். நனைந்த லேப் கோட்டோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன், சாயம் புடவையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டேனரி லேபில் என் வேலை, சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. தோல் துண்டை ஒரு சின்ன மெஷினில் மாட்டி வெள்ளைக் கம்பளித் துண்டால் தேய்ப்போம். முதலில் உலர்ந்த துண்டு, பிறகு ஈரத் துண்டு. வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்த லாட் ஃபெயில். இறங்கவில்லையென்றால் சாயம் தோலை நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அன்று குளியலறையில் இதே சோதனையை என் தொடைக்கும் செய்தேன். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தேன், சோப்பு போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தேன். ஒரு பொட்டு நீலம் வரவில்லை. இந்த லாட் பாஸ் என்று சிரித்துக்கொண்டு படுக்கப் போனேன். காலையில் பார்த்தால் தேய்த்த இடம் முழுக்க நீலம் பரவி, ஓரங்களில் மஞ்சள் கட்டியிருந்தது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் உடம்பில் நிறம் தெரிந்தால் யாரும் பயப்படமாட்டோம். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் என் கணவர் டேனியலும் பயப்படவில்லை, தன் கையையும் நீட்டி, எனக்கும்தான் நீலம் என்றார். அவர் கையிலிருந்தது கழுவினால் போய்விட்டது. என்னுடையது போகவில்லை. அந்த வித்தியாசத்தை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தபோது பிரஷ் மேல் பழி போட்டேன். மாதவிலக்கு நிற்காமல் போனபோதுதான் ஆம்பூரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்றைக்கே வேலூர் போங்கள், பஸ்ஸில் வேண்டாம், கார் வைத்துக்கொண்டு போங்கள், வழியில் எங்கேயும் தலையை இடித்துக்கொள்ளாதீர்கள் என்றார். எங்கள் பெண் ஜெனி அப்போது இரண்டாம் வகுப்பு. அவளை என் அம்மா வீட்டில் விடும்போது, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வேலூரில் அந்தப் பெரிய மருத்துவமனையில் முதலில் தெரிந்துகொண்டது காத்திருப்பதை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது இடித்துக்கொண்டு போனால் டேனியல் நடுவில் கையை நீட்டுவார். இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தார்கள். மேல்தோலை மரத்துப்போகச் செய்துவிடுவதால் ஊசி போவது அவ்வளவாகத் தெரியாது. உறிஞ்சும்போதுதான் தெரியும். காலுக்குள்ளிருந்து எதையோ உருவி எடுக்கிற மாதிரி ஒரு வலி, ஒரு மூச்சு நேரம். கத்தலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நான் கத்தினேன்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்கினார். ரத்த அணுக்கள் மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக முதிர்ந்து வெளியே வர வேண்டும். எனக்கு வெள்ளை அணுக்கள் பாதிப் படியிலேயே நின்றுவிட்டன. முதிராமல் நின்றவை மஜ்ஜை முழுக்க அடைத்துக்கொண்டதால் மற்ற அணுக்களுக்கு இடமில்லை. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்கள் மிகவும் குறைந்துவிட்டன; தொடையில் கட்டியது சாயமில்லை, உள்ளே கசிந்த ரத்தம். ரத்தப் புற்றுநோயில் இது ஒரு வகை. இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டு மாற்றி ஒட்டிக்கொண்டதில், சம்பந்தமில்லாத இரண்டு புரதங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டுவிட்டன. அந்தத் தையல் புரதம்தான் அணுக்களை முதிரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இதற்கு மருந்து இருக்கிறது, பெரும்பாலும் கேட்கிறது, ஆனால் முதல் சில வாரம்தான் ஆபத்து, மூளையில் ரத்தம் கசிந்துவிடக்கூடாது என்றார். பிறகு மருந்தின் பெயரைச் சொன்னார். ஆர்செனிக்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். காய்ந்த தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு காலத்தில் போட்ட பாஷாணம். எங்கள் டேனரியின் பழைய குடோனில் மண்டையோடு படம் போட்ட டப்பா ஒன்று அலமாரியில் பூட்டிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அதன் பக்கம் போகாதே என்று சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அதேதான், ஆனால் மிகக் கொஞ்சம், சுத்தம் செய்தது, தினமும் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே ஏற்றுவோம் என்றார். வேறு வைத்தியமும் உண்டு, செலவு பல மடங்கு என்றும் மறைக்காமல் சொன்னார். டேனியல் என்னைப் பார்த்தார். கம்பெனி முன்பணத்தையும் சர்ச்சில் சேர்த்துத் தந்ததையும் வைத்துக்கொண்டு எங்களுக்கு எது முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அதன்பிறகு அசையாதே என்றார்கள். பல் விளக்கக்கூடாது, வாயைக் கொப்பளித்தால் போதும். முக்கக்கூடாது, இருமலை அடக்க வேண்டும், தலை வாரக்கூடாது. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியைத் தூக்கி மாட்டிவிட்டார்கள். சிறுநீருக்குக்கூட மணி அடித்துக் காத்திருக்க வேண்டும். இருவர் படுக்கும் அறை. ஜன்னல் பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருந்தது, அதற்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவரும் மூன்று தண்ணீர்க் குழாய்களும். சில மதியங்களில் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்து, எழுந்து ஓடிவிட வேண்டும்போல் உடம்பு பதறும். ஓட முடியாது, விழுந்தால் செத்துவிடுவேன் என்று தெரியும். அந்தப் பதற்றம் அடங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

இது போதாதென்று எனக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் என் நாத்தனார். டேனியலின் அக்கா ரூபி அண்ணி. ஜோலார்பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் ஆகாது. நான் வேலைக்குப் போவது பிடிக்காது, என் குழம்பு பிடிக்காது, ஜெனிக்கு நான் போடும் ஜடைகூடப் பிடிக்காது. டேனியல் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாது, என் அம்மா ஜெனியோடு இருக்க வேண்டும். ரூபி அண்ணி ஒரு கூடையோடு வந்து, “ரெண்டு நாளு பாத்துக்கிறேன்” என்றார். பிறகு நான் வீட்டுக்குப் போகும்வரை அவர் போகவில்லை. வெளியே ஓட முடியாத அறையில், சண்டை போட்டுவிட்டுப் போவதற்கு அடுப்படிகூட இல்லாத இடத்தில், நானும் அவரும்.

மருந்து ஆரம்பிப்பதற்கு முதல் நாள் மாலை ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு, தலையில் முக்காடு, கையில் ஒரு காகிதம். பெயர் பர்வீன், டாக்டர் இல்லை, ஆராய்ச்சி மாணவி, சொந்த ஊர் வாணியம்பாடி. அவள் கேட்டது இதுதான்: எனக்கு இன்னொரு முறை மஜ்ஜை எடுக்க அனுமதி தர முடியுமா? அது என் வைத்தியத்துக்காக இல்லை, அவள் ஆராய்ச்சிக்காக. ஆர்செனிக் கொடுத்தால் அந்தத் தையல் புரதம் காணாமல் போகிறது, அணுக்கள் முதிர்கின்றன. அது வரைக்கும் தெரியும். ஆனால் ஆர்செனிக் அதை நேராகப் போய்ப் பிடிக்கிறதா, வேறு எதையோ பிடித்து, அதன் வழியாக இது நடக்கிறதா என்பது சரியாகத் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் புதிதாக எடுத்த அணுக்கள் வேண்டும்.

அந்த மூன்று நாட்களில் என்னைக் கேட்டு யாரும் எதையும் செய்யவில்லை. கையை நீட்டுங்கள், திரும்பிப் படுங்கள், வாயைத் திறங்கள். எல்லாம் என் நல்லதுக்குத்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல இடமிருந்த ஒரே கேள்வி இவளுடையதுதான். வலிக்குப் பயந்தேன், அது உண்மை. அதைவிட, என் வாயிலிருந்து ஒரு வேண்டாம் வந்தால் இந்தக் கட்டடத்தில் அது செல்லுமா என்று பார்க்க வேண்டும்போலிருந்தது.

“வேணாம்மா. என்கிட்ட எடுக்காத.”

“சரிக்கா” என்றாள். காகிதத்தை மடித்துக்கொண்டாள். “நீங்க வேணாம்னு சொன்னதால உங்க ட்ரீட்மென்ட்ல ஒண்ணும் கம்மியாவாது. அத மட்டும் மனசுல வெச்சுக்காதீங்க.”

அவள் போனதும் உடனே பயம் பிடித்துக்கொண்டது. கோபித்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டால்? மருந்தைக் குறைத்துவிட்டால்? மறுநாள் முதல் பாட்டில் தொங்கியபோது நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் மாறவில்லை. டாக்டரம்மா வழக்கம்போல் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். என் வேண்டாம் செல்லுபடியாகியிருந்தது. அன்றைக்கு முழுதும் எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். இன்றும் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

ஆர்செனிக் என்ற விஷயத்தை ரூபி அண்ணியிடம் நாங்கள் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சித்தூர்க்கார அம்மாதான் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவருக்கும் ரத்தப் புற்றுநோய், வேறு வகை. உங்களுக்கு எலி மருந்து ஏற்றுகிறார்களாமே என்று அவர் தெலுங்கும் தமிழும் கலந்து விசாரிக்க, ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் தெலுங்கு கேட்டுப் பழகிய அண்ணிக்குப் புரிந்துவிட்டது. நர்ஸ் பாட்டிலோடு வந்தபோது அண்ணி கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் நின்றுகொண்டார். டாக்டரைக் கூப்பிடு, அதுவரைக்கும் இதை மாட்டவிடமாட்டேன் என்றார். நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். என்னாலும் எழுந்து அவரைப் பிடித்து இழுக்க முடியாது. கம்பிக்குள் படுத்தபடி அண்ணி அண்ணி என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வந்ததும் அண்ணி கேட்டார்: “எங்க தம்பி பொண்டாட்டிக்கு பாஷாணமா ஏத்துறீங்க?”

“ஆமாம்மா, பாஷாணம்தான்” என்றார் டாக்டரம்மா.

அண்ணி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவருக்குப் பிடி கிடைக்காமல் போய்விட்டது. டாக்டரம்மா அவரை உட்காரவைத்து எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னார். அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டு ஸ்டூலை டிரிப்ஸ் கம்பத்தின் அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப இங்கயே ஒக்காந்து பாக்குறேன். சொட்டு ஜாஸ்தியா வுழுந்தா கேப்பேன்.” அன்றிலிருந்து பாஷாணம் ஏறுகிற நேரமெல்லாம் அண்ணி சொட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜெபம் பண்ணும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார்.

பர்வீன் அதே மாடியில் மற்ற நோயாளிகளிடம் மஜ்ஜை கேட்டு வருவாள். போகிற வழியில் எங்கள் அறையில் எட்டிப் பார்ப்பாள். மறுபடியும் கேட்பாள், மறுபடியும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று நான் தயாராக இருப்பேன். அவள் கேட்கவே இல்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவள் அப்பா பதனிடாத பச்சைத் தோல் வியாபாரி. நான் சாயம் தேய்த்துப் பார்க்கிற வேலை செய்கிறவள் என்று தெரிந்ததும், சுவரில் சாய்ந்து நின்று தன் வேலையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கும் சொல்ல ஆளில்லை போலும்.

ஆர்செனிக்கோடு ஒரு சாயத்தைக் கட்டிவிடுகிறார்கள். சும்மா மிதக்கும்போது அந்தச் சாயம் ஒளிராது. எதையாவது இறுகப் பிடித்தால்தான் சிவப்பாக ஒளிரும். மைக்ராஸ்கோப்பில் சிவப்பு எங்கே தெரிகிறதோ அங்கேதான் மருந்து பிடித்திருக்கிறது. “மருந்து கைல இருக்கு, அது புடிக்கிற எடம் தெரியலக்கா. அந்த எடம் தெரிஞ்சுட்டா, அதையே இன்னும் நல்லா புடிக்கிற, விஷம் கம்மியான மருந்தா பாத்துச் செய்யலாம். வேற கேன்சர்லயும் அந்த மாதிரி புடிக்கிற எடத்தத் தேடலாம்” என்றாள். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் லேபில் இருபது வகைச் சாயம் இருக்கும், எது தோலைப் பிடிக்கும், எது மேலாக ஒட்டி ஏமாற்றும் என்பதுதான் பிழைப்பே.

ஒருநாள் சோர்ந்துபோய் வந்தாள். பரிசோதனைச் சாலையில் வளர்க்கும் அணுக்களில் செய்து பார்த்தாளாம், எல்லா இடத்திலும் சிவப்பு. ஆர்செனிக் பார்த்ததையெல்லாம் பிடிக்கிற குணமுள்ளது, அதில் நோய்க்குக் காரணமானது எது என்று பிரிக்க முடியவில்லை. நான் பெரிய மனுஷிபோல, சாயம் ஏறினதும் கொஞ்சம் ஃபார்மிக் ஆசிட் விட்டால் பிடிக்க வேண்டியது பிடித்துக்கொள்ளும், மிச்சத்தைக் கழுவிவிடலாம், நாங்கள் டிரம்மில் அப்படித்தான் செய்வோம் என்றேன். சிரித்துவிட்டாள். ஆசிட் விட்டால் அணுவே செத்துவிடும் என்றாள். கழுவுவதைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறாளாம். என் யோசனை ஒன்றும் அவளுக்கு உதவவில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் சுவரைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டேனியல் ஜெனியை அழைத்துவருவார். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள், தொற்று வந்துவிடும். கீழே தெருவில், மருந்துக் கடைப் படியில் நிற்பாள். எங்கள் ஜன்னல் தெருப் பக்கம் இல்லை. வராந்தா முனையிலிருக்கும் ஜன்னலுக்கு நான் நடந்து போகக்கூடாது. அதனால் அண்ணி போய் நின்று, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் எனக்குச் சொல்வார். “பாப்பா மேல பாக்குறா. பச்ச கவுன் போட்டிருக்கா. உங்கம்மா எண்ணெய் வெச்சு வாரியிருக்காங்க, நல்லாத்தான் இருக்குது. தம்பி ஐஸ் வாங்கித் தர்றான். ஏற்கெனவே சளி, இவனுக்கு அறிவே கெடையாது. கை ஆட்றா, நான் ஆட்டிட்டேன்.” நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கண்ணீரைத் துடைக்கும்போதும் அழுத்தித் துடைக்கக்கூடாது.

பிளேட்லெட் கொடுக்க எங்கள் டேனரி ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். அறைக்குள் விடாததால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். சிலருடைய நகக் கண்ணில் நீலம் இன்னும் இருந்தது.

மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் நான் சாகக் கிடந்தேன். இது வரலாம் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். அடைபட்டுக் கிடந்த அணுக்கள் ஒரே சமயத்தில் முதிரத் தொடங்கி ரத்தத்தில் பெருகும்போது, ரத்தக் குழாய்கள் கசிந்து நுரையீரலில் நீர் சேரும். முதலில் காய்ச்சல், கால் வீக்கம். பிறகு ஒரு மதியம் மூச்சு முட்டியது. படுத்தால் மூழ்குகிறேன். உட்காரத் தெம்பில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டார்கள், அது முகத்தை அடைப்பதுபோலிருக்க நான் பிடுங்கினேன். கட்டில், அறை எல்லாம் போய், என் நெஞ்சுக்குள்ளேயே என்னை வைத்துப் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. நர்ஸ் ஸ்டீராய்டு ஊசிக்கு ஓடினாள். ரூபி அண்ணி கம்பியை இறக்கிவிட்டுக் கட்டிலில் ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்து, என் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

“நான் மூச்சு வுடுறப்ப நீயும் வுடு. வேற ஒண்ணும் நெனைக்காத.”

அவர் நெஞ்சு ஏறும்போது என் முதுகு ஏறும், இறங்கும்போது இறங்கும். ஊசி வேலை செய்கிறவரை, அதற்குப் பிறகும், சாயங்காலம் டேனியல் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கால் மரத்துப்போய் இறங்க முடியவில்லை, டேனியல்தான் தூக்கி இறக்கினார். அவர் தன் அக்காவைத் தூக்கி நான் அன்றுதான் பார்த்தேன். சிரிக்க வேண்டும்போலிருந்தது, மூச்சு போதவில்லை.

நான் தேறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் சித்தூர்க்கார அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி இல்லை. கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. போகும்போது தன் பிளாஸ்க்கை அண்ணியிடம் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணி வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டு, அவர் போனபின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று பர்வீனிடம் கேட்டேன், எனக்குக் கேட்ட பாஷாணம் அவருக்கு ஏன் ஏற்றவில்லை என்று. அவர் வகை நோயில் அது பிடிக்கிற மாதிரி எதுவும் இல்லை அக்கா, அதில் எதைப் பிடிக்கவேண்டும் என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்றாள். கட்டில் விரிப்பை மாற்றிவிட்டார்கள். எனக்கு இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

கடைசியாக மறுபடி மஜ்ஜை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நோய் இன்னும் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். இருந்தால் இதே கட்டில், இதே சுவர், இன்னும் எத்தனை வாரமோ. இல்லையென்றால் வீடு. அந்தச் செய்தி வந்த நேரத்திலிருந்து எனக்கு இட்லி இறங்கவில்லை. அண்ணி பிசைந்து ஊட்டியதைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பர்வீன் எட்டிப் பார்த்தபோது நானே கூப்பிட்டேன். நாளைக்கு எடுக்கும்போது உனக்கும் எடுத்துக்கொள் என்றேன். இதை நன்றிக் கடன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் வேண்டாம் என்று சொன்னதை யாரும் தட்டிப் பறிக்கவில்லை, அது பத்திரமாக என்னிடமே இருந்தது. அதனால்தான் சரி என்று சொல்லவும் எனக்கு மனம் வந்தது. சித்தூர்க்கார அம்மாவின் காலிக் கட்டிலும் அதற்குக் காரணம்.

பர்வீன் உடனே சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். ஆனால் அவள், “இருந்தா எடுத்துக்குறேன்கா” என்றாள். போதுமான அளவு வந்தால் என்று சொல்கிறாள்போல என்று எடுத்துக்கொண்டேன். காகிதம் கொண்டுவந்து படித்துக் காட்டினாள், கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை ஒரே குத்தில் டாக்டரம்மா இரண்டு சிரிஞ்சு எடுத்தார், இரண்டாவது பர்வீனுக்கு. இந்த முறையும் கத்தினேன். இரண்டு சிரிஞ்சுக்கும் சேர்த்துக் கத்தினேன்.

அன்று பொழுது நகரவில்லை. ரிப்போர்ட் மாலைக்குள் வந்துவிடும் என்றார்கள். மதியத்துக்குப் பிறகு வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே என் கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும். நர்ஸ் வந்தாள், தெர்மாமீட்டர். சாப்பாட்டுத் தட்டு எடுக்க ஆள் வந்தார். கடைசியில் வந்தது பர்வீன். உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றாள்.

“அக்கா, நீங்க குடுத்தது எனக்கு உதவாதுக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. வராத மனதைக் கொண்டுவந்து கொடுத்தால் உதவாது என்கிறாளே. “ஏன், கெட்டுப்போச்சா?”

“இல்ல. நல்லா இருக்கு.” முக்காட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் தேடுற செல்லு அதுல இல்ல. நானும் பாத்தேன், டாக்டரம்மாவும் பாத்தாங்க. தேடித் தேடிப் பாத்துட்டோம், எங்கயும் இல்ல. அவங்க வந்து முறையா சொல்லுவாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

இல்லை என்றால் கண்ணுக்கு அகப்படவில்லை என்றுதான் அர்த்தம், ஒளிந்திருப்பதை அழிக்க இன்னும் சில தடவை வந்து பாஷாணம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று டாக்டரம்மா பிறகு வந்து சொன்னார். அப்படியே வந்தேன், ஏற்றிக்கொண்டேன். அதெல்லாம் பிறகு. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது என்னிடம் இருந்தபோது நான் கொடுக்கவில்லை, கொடுக்கும்போது அது என்னிடம் இல்லை. ஜெனியின் ஜடையை நான் பின்னலாம். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுத்தி அழுதால் ரத்தம் கசியுமே என்ற பயம் பழக்கத்தில் வந்தது, அதையும் மீறி அழுதேன்.

அண்ணி அதுவரை குளியலறையில் என் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு ஓடி வந்தவர் என்னையும் பார்த்தார், கதவருகே நிற்கும் பர்வீனையும் பார்த்தார். “இன்னா சொன்ன அவளுக்கு?” என்று பர்வீனிடம் பாய்ந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

“என் மஜ்ஜை அவளுக்கு வேணாமாம் அண்ணி” என்றேன்.

ரூபி அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “வேணாமா? எங்க வூட்டுப் பொண்ணு மஜ்ஜைக்கு இன்னா கொறச்சல்?”